‘எம்ப்டி’ என்னும் சொல்



இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூரை நோக்கிக் கடலோரமாகச் செல்லும் சாலையை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். இரவு பகல் என்ற வேறுபாடின்றி அச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது 1983-ஆம் ஆண்டில். அந்நாள் முதல் எங்கள் வடசென்னைப் பேச்சிலே இரண்டு ஆங்கிலச் சொற்கள் குடியேறிவிட்டன. ஒன்று ‘லோடு’, மற்றொன்று ‘எம்டி’. சாலையோரத் தேநீர்க் கடையில் ஓர் ஓட்டுநர் மற்றோர் ஓட்டுநரைப் பார்த்து, “என்னண்ணே, லோடா, எம்டியா?” என்று கேட்பார். “எம்டிதாம்பா, யார்டுல விட்டுட்டு வரணும்” என்று விடை வரும்.

‘எம்டி’ என்று அவர் சொல்வது ‘எம்ப்டி’ என்ற ஆங்கிலச் சொல்லே ஆகும். ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் அறிந்த எளிய சொல் அது. காலி, வெறுமை, உள்ளே ஒன்றுமில்லை என்று நாம் பொருள் சொல்லுவோம். அவ்வளவு எளிய சொல்லைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். எளிய சொற்களே நெடுந்தூரம் நடந்து வந்தவை. அவற்றின் கால்களில்தான் புழுதி மிகுதி. மேலும் இச்சொல்லுக்கு நான் ஒரு கடன்பட்டிருக்கிறேன். அது என்ன கடன் என்பதைப் பேச்சின் பிற்பகுதியில் சொல்லுவேன். முதலில் சொல்லின் கதையைக் கேளுங்கள்.

இங்கிலாந்தை நார்மானியர் 1066-ஆம் ஆண்டில் வென்றனர். அதற்கு முற்பட்ட ஆங்கிலத்தைப் பழைய ஆங்கிலம் என்பர். அம்மொழியில் இச்சொல் ஏறக்குறைய ‘ஏமெட்டி’ என்று ஒலித்தது. சுருங்கி ‘ஏம்ட்டி’ என்றும் வழங்கியது. அதற்கு மூலமான பெயர்ச்சொல் ‘ஏமெட்டா’ என்பது. அப்பெயர்ச்சொல்லுக்குப் பொருள் என்ன தெரியுமா? பாத்திரத்தில் ஒன்றுமில்லாமை என்று எண்ணுவீர்கள். அன்று, ‘ஓய்வு’ என்பதே அதன் பொருள். ஆகவே ‘ஏமெட்டி’ என்றால் ஓய்வாக இருப்பவன், கையில் வேலை இல்லாதவன் என்பது பொருள். மணமாகாதவர் என்ற பொருளிலும் அக்காலத்தார் அதனை வழங்கினர். குடும்பப் பொறுப்பு இன்னும் தோளில் ஏறாதவர் அல்லவா? ஆள் ஓய்வாக இருந்தால் ‘ஏமெட்டி’. ஆள் இல்லாத இடமும் ‘ஏமெட்டி’. பண்டம் இல்லாத கலமும் ‘ஏமெட்டி’. இவ்வாறு மனிதனைப் பற்றிய சொல் இடத்துக்கும், இடத்திலிருந்து பாத்திரத்துக்கும் சென்றது. பிற்காலத்தில் ஓய்வு என்ற பழம்பொருள் மறைந்துபோயிற்று. பாத்திரத்தின் பொருளே நிலைத்தது. இன்று ஓர் ஆங்கிலேயரிடம், “மாலையில் ஓய்வாக இருப்பீரா?” என்று கேட்கவேண்டுமானால் ‘ப்ரீ’ என்ற சொல்லை ஆளவேண்டுமேயன்றி ‘எம்ப்டி’ என்று கேட்டல் ஆகாது.

ஓய்வுக்கும் வெறுமைக்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கவேண்டா. நம் தமிழிலும் இந்த உறவு உண்டு. ‘ஒழி’ என்ற வினையை நோக்குங்கள். குடியிருப்பவர் வீட்டை ஒழித்துக் கொடுக்கிறார் என்றால், காலி செய்து கொடுக்கிறார் என்பது பொருள். பாத்திரத்தை ஒழித்துப் போடு என்று பாட்டி சொன்னால், உள்ளே இருப்பதை வேறொன்றில் மாற்றிவிட்டுத் துலக்கப் போடு என்பது பொருள். அதே வினையிலிருந்து பிறந்ததுதான் ‘ஒழிச்சல்’. ‘ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் உழைக்கிறாள்’ என்று நாம் அன்றாடம் சொல்லுகிறோமே, அந்த ஒழிச்சல் ஓய்வு அன்றோ! நேரத்தை ஒரு பாத்திரமாக எண்ணி, அதில் வேலை நிறைந்திருந்தால் ஒழிச்சல் இல்லை என்றும், வேலை நீங்கினால் ஒழிச்சல் என்றும் நம் முன்னோர் கண்டனர். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மக்கள் ஒரே வழியில் எண்ணியிருப்பது எத்துணை இன்பம் தரும் செய்தி!

இனி, ‘எம்ப்டி’ என்ற சொல்லின் நடுவில் நிற்கும் ‘பி’ என்னும் எழுத்தைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் அந்த எழுத்து இல்லை என்று கண்டோம். பின் எங்கிருந்து வந்தது? உங்கள் வாயையே கேட்டுப் பாருங்கள். மகர மெய்யை ஒலிக்கும்போது இதழ்கள் மூடியிருக்கும். காற்று மூக்கின் வழியே செல்லும். அடுத்து ‘ட்’ என்ற வல்லினம் வரவேண்டும். அதற்காக மூக்கின் வழி அடைபடுகிறது. இதழ்கள் திறப்பதற்கு ஒரு நொடி முன்னதாக அவ்வழி அடைபட்டுவிட்டால், இதழ் திறக்கும்போது ‘ப்’ என்ற ஓசை தானாகவே பிறந்துவிடும். யாரும் திட்டமிட்டு நுழைத்த எழுத்தன்று. நாவும் இதழும் ஒத்துப்போகாத அந்த ஒரு நொடியில் முளைத்த எழுத்து. ‘சிம்’ என்பவருடைய மகன் ‘சிம்சன்’ ஆகவேண்டும். ‘சிம்ப்சன்’ ஆனதும் இவ்வாறுதான். ‘டாம்’ என்பவருடைய மகன் ‘தாம்ப்சன்’ ஆனதும் இவ்வாறுதான்.

விகாரம் மூன்று வகைப்படும் என்று நன்னூற் பாடத்தில் படித்திருக்கிறீர்கள்: தோன்றல், திரிதல், கெடுதல். ‘எம்ப்டி’யில் பகரம் வந்தது, நம் கணக்கில் தோன்றல். இப்போது எங்கள் லாரி ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ‘எம்டி’ என்கிறார்; தோன்றிய பகரம் அவர் வாயில் கெட்டுவிட்டது. பள்ளியிலே அதைத் தவறு என்று நாம் திருத்துவோம். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய ‘ஏம்ட்டி’ என்ற ஒலிக்கு அருகில் நிற்பவர் யார்? எழுத்துக் கூட்டிப் படிக்கும் நாமா, எண்ணூர்ச் சாலையில் வண்டி ஓட்டும் அவரா? அன்று முதல் உச்சரிப்பைத் திருத்துவதில் நான் சற்று நிதானமாக இருக்கிறேன்.

ஆங்கிலத்தில் வெறுமைக்கு இது ஒன்றுதானா சொல்? இல்லை. தேர்வில் மயங்காமல் இருக்க, வேறு சிலவற்றையும் வேறுபாட்டுடன் அறிந்துகொள்ளுங்கள். கலத்திலோ பையிலோ ஒன்றுமில்லையெனில் ‘எம்ப்டி’. ஓர் இருக்கையிலோ பதவியிலோ ஆள் இல்லையெனில் ‘வேகன்ட்’. தாளில் எழுத்து இல்லையெனில் ‘பிளாங்க்’. மூங்கிலைப் போல உள்ளே கூடாக இருந்தால் ‘ஹாலோ’. சட்டத்தில் ஓர் ஒப்பந்தம் செல்லாதெனில் ‘வாய்ட்’. ‘பிளாங்க்’ என்பது வெண்மையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வெள்ளைத்தாளில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை என்பதே அதன் கருத்து. நாம் போர்த்திக்கொள்ளும் ‘பிளாங்கெட்’டும் அதன் உறவே, முதலில் அது வெண்ணிறக் கம்பளத் துணியைக் குறித்தது.

‘வேகன்ட்’ என்பதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. வெறுமையாக இருத்தல், ஓய்வாக இருத்தல் என்ற இரண்டு பொருளும் அந்த வேருக்கு உண்டு. அதிலிருந்து பிறந்த இன்னொரு சொல் உங்களுக்கெல்லாம் மிகவும் பிடித்தமானது. ‘வெகேஷன்’, அதாவது விடுமுறை! காற்றை நீக்கிய வெற்றிடத்தை இயற்பியல் ஆசிரியர் ‘வேக்குவம்’ என்பார், அதுவும் உடன்பிறப்பே. கோடை விடுமுறையும் வெற்றிடமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி, தமிழர் நாவில் நாள்தோறும் புரளும் ‘காலி’ என்ற சொல். வீடு காலி, பணியிடம் காலி, பை காலி என்கிறோம். இது அரபு மொழியில் ‘காலீ’ என்பது. பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியாக நம்மை வந்தடைந்தது. அரேபியத் தீபகற்பத்தின் தென்பகுதியில் ஒரு பெரும் பாலைவனம் உண்டு. அதன் பெயர் ‘ருப் அல் காலீ’. காலியான கால்பகுதி என்பது பொருள். நில நூலில் அப்பெயரைக் காணும்போது, அது நம் வீட்டுக் ‘காலி’தான் என்று அறிந்துகொள்ளுங்கள்.

வெறுமையைக் குறிக்கும் இன்னொரு சொல் நம் நாட்டிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி வந்தது. அதுதான் ‘சூனியம்’. ஒன்றுமில்லாமையையும் ஓர் எண்ணாகக் கொண்டு, அதனைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள் வகுத்தவர் பிரமகுப்தர். அவர் நூல் 628-ஆம் ஆண்டில் எழுந்தது. இந்தியக் கணக்கை ஏற்ற அரேபியர், சூனியம் என்பதற்கு நேராகத் தம் மொழியில் வெறுமையைக் குறித்த ‘சிப்ர்’ என்ற சொல்லை வைத்தனர். இத்தாலியரான பிபொனாச்சி 1202-ஆம் ஆண்டில் எழுதிய கணித நூலில் அது ‘செபிரம்’ ஆயிற்று. பின்னர் இத்தாலியர் நாவில் தேய்ந்து ‘ஸீரோ’ ஆயிற்று. அதே அரபுச் சொல் வேறொரு வழியில் ‘சைபர்’ என்று ஆங்கிலத்தில் நுழைந்தது. ஆங்கிலேயருடன் கப்பலேறிச் சென்னையில் இறங்கி, நம் பாட்டனார்களின் கணக்குப் புத்தகத்தில் சைபராக அமர்ந்தது. இங்கிருந்து சென்ற கருத்து, ஆயிரம் ஆண்டு கழித்து அயல்நாட்டு உடையில் வீடு திரும்பியது. ஆங்கிலத்தில் ஒருவனைச் ‘சைபர்’ என்றால், எந்த மதிப்பும் இல்லாதவன் என்று பொருள். எண்ணாக இருக்கும்போது மற்ற எண்ணுக்குப் பத்து மடங்கு மதிப்பைத் தருவது, மனிதன்மேல் ஏறும்போது வசையாகிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் என் கடனைச் சொல்லவேண்டியிருக்கிறது.

1990-களின் நடுவில், திருவொற்றியூர்ப் பகுதியில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பித்துவந்தேன். பிள்ளையின் மனம் ஆசிரியர் ஊற்றி நிரப்பும் வெற்றுக் குடமன்று என்று பயிற்சிக் கல்லூரியில் படித்து, அதைத் தேர்விலும் எழுதித் தேறியவன் நான். ஆயினும் ஒரு நாள், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவனை எழுப்பி, முதல் நாள் நடத்திய பாடத்தில் ஒரு கேள்வி கேட்டேன். அவன் வாய் திறக்கவில்லை. மறுமுறை கேட்டேன், தலை குனிந்து நின்றான். நான் அருகில் சென்று அவன் தலையை விரலால் தட்டி, வகுப்பைப் பார்த்து ‘எம்ப்டி’ என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. சனிக்கிழமை அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். ஒரு குறுகிய சந்தின் கடைசியில் இருந்த வீட்டின் வாசற்படியில் அவன் தந்தை அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டார். அவர் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டு ஓராண்டு ஆகியிருந்தது. “நான் சும்மாதான் சார் இருக்கேன்” என்று அவர் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. பையன் எங்கே என்றேன். யார்டுக்குப் போயிருக்கிறான் என்றார். அன்றுதான் புதிதாகப் போகிறானா என்று கேட்டேன். “இல்ல சார், ஆறு மாசமா ராத்திரியில போறான். இப்போ பகல்லயும் போறான்” என்றார்.

நான் யார்டுக்குச் சென்றேன். காலிக் கன்டெய்னர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு ஐந்து அடுக்குகள் நின்றன. தரையில் கிடந்த ஒரு பெட்டிக்குள் அவன் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டு திகைத்தான், ஓடவில்லை. என்ன செய்கிறாய் என்று கேட்டேன். “உள்ள வாங்க சார், காட்டுறேன்” என்றான். நான் ஏறினேன். அவன் கதவுகளை உட்புறமிருந்து இழுத்துச் சாத்தினான். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இருள். “எங்கயாவது வெளிச்சம் தெரியுதா பாருங்க சார்” என்றான். சுற்றிலும் பார்த்தேன், எங்கும் தெரியவில்லை. “வெளிச்சம் வந்தா ஓட்டை இருக்குன்னு அர்த்தம். மழை பெஞ்சா சரக்கு நனஞ்சிடும். அத டேமேஜுன்னு ஒதுக்கிடுவாங்க. ஓட்டை இல்லாம, கூட்டிச் சுத்தம் பண்ணி, நாத்தம் இல்லாம இருந்தாத்தான் எம்டி” என்றான்.

மாணவர்களே, இருபது அடிக் கன்டெய்னர் ஒன்று உள்ளே ஒன்றுமில்லாதபோதே ஏறத்தாழ 2,200 கிலோ எடையுள்ளது. அதற்கென ஓர் எண் உண்டு. அதன் ஒவ்வொரு பயணமும் கணக்கில் ஏறும். எம்டி வேறு, பழுது வேறு. எனக்கு அந்த வேறுபாட்டை எந்த அகராதியும் அவ்வளவு தெளிவாகக் கற்பித்ததில்லை. அந்த இருளில் நின்று நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்தான்.

தந்தையோடும் தலைமையாசிரியரோடும் பேசினேன். காலாண்டுத் தேர்வுக்குப் பின் அவன் பள்ளிக்குத் திரும்பினான். இரவு வேலைக்குப் போவதை நிறுத்தினான். பத்தாம் வகுப்பில் தேறினான். அதற்குமேல் படிக்க அவன் வீட்டு நிலை இடம் தரவில்லை.

பல ஆண்டுகள் கழித்தே இச்சொல்லின் மூலத்தை நான் படித்தேன். ‘எம்ப்டி’ என்றால் ஓய்வுள்ளவன் என்று கண்டபோது, என் பிழை இருமடங்காயிற்று. இரவெல்லாம் துடைப்பம் பிடித்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வந்த பிள்ளை அவன். பழம்பொருளில் பார்த்தால் அந்த வகுப்பில் ‘எம்ப்டி’ அல்லாதவன் அவன் ஒருவனே. அவனுக்கு ஒழிச்சலே இல்லை. என் கேள்விக்கு விடை இல்லாமற்போனது, தலையில் இடம் வெறுமையாக இருந்ததால் அன்று. நாளில் இடம் வெறுமையாக இல்லாததால்.

இன்னும் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கிறேன். ‘ஸ்கூல்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? கிரேக்க மொழியில் ‘ஸ்கொலே’ என்பதிலிருந்து வந்தது. அச்சொல்லுக்கு முதற்பொருள் ஓய்வு என்பதே! வயிற்றுப்பாட்டுக்கான வேலை நீங்கிய நேரத்தில் அறிஞரோடு கூடிப் பேசினர். அந்தப் பேச்சுக்கும், பின்னர் அது நடந்த இடத்துக்கும் ஓய்வின் பெயரே ஆகிவந்தது. ஆகவே வேரளவில் ‘எம்ப்டி’ என்பதும் ‘ஸ்கூல்’ என்பதும் ஒரே பொருளைத் தொட்டு நின்ற சொற்கள். ஒழிச்சல் உள்ள இடமே பள்ளி.

நம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். திருவொற்றியூர்த் தியாகராச சுவாமி கோயிலில் இலக்கணம் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அங்கே பாணினியின் இலக்கணம் ஓதப்பட்டது. ஓர் எழுத்து மறைந்து நிற்பதற்கும் ‘லோபம்’ என்று பெயர் சூட்டி, இல்லாமைக்கும் இலக்கணத்தில் இடம் அளித்தவர் பாணினி. அம்மண்டபம் நடைபெற நிலம் மானியமாக விடப்பட்டிருந்தது. நிலத்தின் விளைவு ஊட்டியதால், அங்கே கற்பித்தவர்க்கும் கற்றவர்க்கும் மனம் ஒழிந்திருந்தது. கன்டெய்னர் லாரிகள் ஊரும் சாலையிலிருந்து அக்கோயில் வெகுதொலைவில் இல்லை.

ஒரு பிள்ளையின் நாளில் படிப்புக்கென்று சிறிது இடத்தை ஒழித்துத் தருவது பெற்றோர், ஊரார், அரசு ஆகிய எல்லோருடைய கடமையும் ஆகும். அவ்வாறு ஒழித்துத் தரப்பட்ட இடத்தில் இன்று அமர்ந்திருப்பவர்கள் நீங்கள். வேலை மூடப்பட்டதால் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்றால், அவருடைய நேரம் ஒழிந்திருக்கிறதேயன்றி அவர் வெறுமையாகிவிடவில்லை. விடை சொல்லாத தோழனும் வெறுமையானவன் அல்லன். ‘எம்ப்டி’ என்ற சொல்லைப் பாத்திரத்துக்குச் சொல்லுங்கள், பைக்குச் சொல்லுங்கள், எண்ணூர்ச் சாலையில் போகும் பெட்டிக்குச் சொல்லுங்கள். மனிதரைக் குறித்துச் சொல்ல நேர்ந்தால், அதன் பழைய பொருளை ஒருமுறை நினைத்துக்கொண்டு, பிறகு சொல்லுங்கள். நான் அன்று தொட்டு எந்த மாணவரையும் அச்சொல்லால் அழைத்ததில்லை.